வெறும் வயிற்றுச் சர்க்கரையை மட்டும் நம்பாதீர்கள்

ஸ்கேனில் பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று வந்ததும் எல்லார் கவனமும் சினைப்பையிலேயே நின்றுவிடுகிறது. அதில் தெரியும் ‘நீர்க்கட்டிகள்’ உண்மையில் கட்டிகளே அல்ல. 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில் வளர்ச்சி பாதியில் நின்றுபோன முட்டைப்பைகள். ஏன் நின்றன என்று தேடிப்போனால் பலருக்கு இன்சுலினில்தான் விடை.

தசையும் ஈரலும் இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபோது கணையம் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டும். சினைப்பைக்கு அந்த மந்தம் இல்லை; மிஞ்சிய இன்சுலின் அதை ஆண்ட்ரோஜன் எனும் ஆண் ஹார்மோன்களைச் சுரக்கத் தூண்டும். அவற்றில் ஒன்றான டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்துவைக்கும் புரதத்தையும் ஈரல் குறைத்துவிடும். முகத்தில் முடி, பரு, தள்ளிப்போகும் மாதவிலக்கு எல்லாம் இந்த வழியில் வருபவை. பின்கழுத்தில் தேய்த்தாலும் போகாத, வெல்வெட் போலத் தடித்த கருமை அழுக்கு அல்ல; இன்சுலின் மிஞ்சியதன் அடையாளம். பாவம், அதைத் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்கிறார்கள். ஒல்லியானவர்களுக்கும் இன்சுலின் எதிர்ப்பு இருக்கலாம்.

கணையம் ஈடுகொடுக்கும்வரை வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மலாகவே வரும். அதனால், குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்டை டாக்டரிடம் கேளுங்கள். அதற்கு முந்தைய 3 நாளும் மாவுச்சத்தைக் குறைக்காமல் வழக்கம்போலச் சாப்பிட வேண்டும். பத்தியம் இருந்துவிட்டுப் போனால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டும். இரவில் 8 மணி நேரமாவது தண்ணீர் தவிர எதுவும் கூடாது. முதல் ரத்தம் எடுத்ததும், 250–300 மில்லி நீரில் கரைத்த 75 கிராம் குளுக்கோஸை 5 நிமிடத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். முதல் மிடறிலிருந்தே நேரம் கணக்கு. திகட்டும், குமட்டும். வாந்தி வந்துவிட்டால் இன்னொரு நாள்தான். இடையில் உலாவப் போகாதீர்கள். தசை சர்க்கரையை இழுத்துக்கொண்டு எண்ணைக் குறைத்துவிடும். 2 மணி நேர ரத்தத்தில் சர்க்கரை 140 முதல் 199 வரை (மி.கி./டெ.லி.) வந்தால் சர்க்கரை நோயின் முன்நிலை. 200-ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். இன்சுலின் அளவைத் தனியாகப் பார்ப்பது பெரும்பாலும் வீண்செலவு, லேபுக்கு லேப் மாறும்.

உடலை இன்சுலினுக்குச் செவிசாய்க்கவைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை எழுதிக்கொடுத்தால் 500 மில்லிகிராமில் சாப்பாட்டோடு தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 கூட்டுவதுதான் முறை. எடுத்த எடுப்பில் முழு அளவு போட்டால் வயிற்றுப்போக்கு வரும். பலர் மாத்திரையை நிறுத்துவது அதனால்தான். அப்போது மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றித்தரச் சொல்லுங்கள். நீண்ட நாள் சாப்பிடுபவர்கள் பி12 அளவையும் பார்க்க வேண்டும்.

மருந்து வேலை செய்தால் மாதவிலக்கு திரும்புமுன்பே முட்டை வெளிவரும். இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்பவர்கள், மாதவிலக்கு வரட்டும் என்று காத்திராமல் முதல் நாளிலிருந்தே கருத்தடை முறையைப் பயன்படுத்த வேண்டும்.