யார்மத்தில் அந்த ஒரு மணி நேரம்

படகு வாடகைக்கு எடுக்க வருகிறவர்கள் துறையில் இறங்கியதும் கேட்கும் முதல் கேள்வி, "பாலம் எத்தனை அடி உயரம்?" என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நார்ஃபோக் பிராட்ஸ் ஆறுகளில் பாலம் நின்ற இடத்தில் நிற்கிறது, ஏறி இறங்குவது தண்ணீர். இன்று, இந்த மணிக்கு, பாலத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கப் பழகிவிட்டால் விடுமுறைத் திட்டத்தில் பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது பிராட்ஸ். வடக்கே ப்யூர், ஆன்ட், தர்ன். தெற்கே யேர், வேவ்னி, செட். இடையிடையே வரும் ஏரிகளைத்தான் 'பிராட்' என்கிறார்கள். இடைக்காலத்தில் விறகுக்குப் பதிலாக எரிக்கக் கரிமண் வெட்டிய குழிகளில் நீர் நிறைந்து உருவானவை அவை என்று 1950களில் நடந்த ஆய்வுகள் காட்டின. படகு போகக்கூடிய நீர்வழி மொத்தம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வழியில் மதகு எதுவும் கிடையாது. மதகு இல்லாததால் கடல் ஏறுவதும் வடிவதும் தடையின்றி உள்ளே வருகிறது. கோர்ல்ஸ்டன் முகத்துவாரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் சுமார் 2 மீட்டர் ஏறி இறங்கும் தண்ணீர், ப்யூர் ஆற்றில் மேலே இருக்கும் ராக்ஸம் போய்ச் சேரும்போது சில அங்குலமாகச் சுருங்கிவிடும்.

வடக்கு ஆறுகளிலிருந்து தெற்கு ஆறுகளுக்குப் போக ஒரே வழி கிரேட் யார்மத். இரண்டு பக்கத்தையும் பார்க்க நினைக்கும் எவரும் அந்த நகரத்தின் இரண்டு தாழ்ந்த பாலங்களுக்கு அடியில் நுழைந்து, ப்ரெய்டன் வாட்டர் என்ற பரந்த கழிமுகத்தைக் கடந்தாக வேண்டும். ஆகவே ஒரு வாரப் பயணத்தை, படகு கைக்கு வரும் சனிக்கிழமையிலிருந்து முன்னோக்கி வகுக்கக் கூடாது. யார்மத்தில் தண்ணீர் நிற்கும் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ணிவர வேண்டும். எந்தக் கரையில் இரவு தங்குவது, எத்தனை மணிக்கு எழுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

தண்ணீர் நிற்கும் நேரமும் தண்ணீர் மிகக் குறைந்திருக்கும் நேரமும் ஒன்றல்ல. புதிதாக வருகிறவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. யார்மத் படகுத்துறையில் நீர்மட்டம் அடிக்கு இறங்கி மறுபடி ஏறத் தொடங்கிய பிறகும், மேலே பல மைல் நீளத்துக்குக் கிடக்கும் ஆற்றுநீர் கடலை நோக்கி ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஓட்டமும் உள்ளே வரத் துடிக்கும் கடலும் சமமாகி அசையாமல் நிற்பதற்கு இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். பாலத்தடியில் இடமும் தாராளம், இழுப்பும் இல்லை என்று இரண்டும் கூடிவரும் வேளை அதுதான்.

கணக்கை எடுத்துக்காட்டோடு போட்டுப் பார்க்கலாம். கோர்ல்ஸ்டன் முகத்துவாரத்துக்கான அட்டவணையில் அடிமட்டம் காலை 9.40 என்று இருக்கிறது. பல அட்டவணைகள் கிரீன்விச் நேரத்தில் அச்சாகின்றன. கோடையில் ஒரு மணி நேரம் கூட்டினால் 10.40. முகத்துவாரத்திலிருந்து யார்மத் படகுத்துறைக்கு அடிமட்டம் வந்துசேர இன்னொரு மணி நேரம், 11.40. தண்ணீர் நிற்க மேலும் ஒரு மணி நேரம், 12.40. ஆகவே பாலத்தடியில் 12.15க்கும் 12.45க்கும் நடுவே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். சில அட்டவணைகளில் கோடை நேரமோ படகுத்துறைக்கான திருத்தமோ ஏற்கெனவே சேர்ந்திருக்கும். தலைப்பு வரியைப் படிக்காமல் மறுபடியும் கூட்டினால் இரண்டு மணி நேரம் வரை தாமதம். கூட்ட வேண்டியதைக் கூட்டாமல் விட்டால் இரண்டு மணி நேரம் வரை முந்திப்போய், வேகமாக வடியும் தண்ணீரில் மாட்டிக்கொள்வீர்கள். இரண்டில் முந்திப்போவதுதான் ஆபத்து.

ஏன் என்று சொல்கிறேன். ப்யூர் ஆற்றில் மேலே இருக்கும் ஏக்கிள் பாலத்திலிருந்து யார்மத்துக்குச் சுமார் 2 மணி நேரம், ஸ்டோக்ஸ்பியிலிருந்து ஒன்றரை மணி நேரம். ஸ்டோக்ஸ்பியையும் அதற்குச் சற்றுக் கீழே உள்ள ஸ்ட்ரேசி ஆர்ம்ஸ் துறையையும் தாண்டினால் யார்மத் வரை கட்டி நிற்க இடம் கிடையாது; இரண்டு பக்கமும் நாணலும் சேறும்தான். கீழே போகப்போக ஆறு ஒடுங்கி, ஓட்டம் பலமாகும். பின்னாலிருந்து தள்ளும் தண்ணீரில் போகும் படகுக்குச் சுக்கான் சரியாகப் பேசாது. தண்ணீரின் வேகமும் படகின் வேகமும் ஒன்றாகிவிட்டால் சுக்கான் தகட்டில் மோதும் நீர் இல்லை, படகு மிதக்கும் கட்டையாகிவிடும். அப்படி வந்து படகுத்துறையில் நிற்கப் பார்க்கிறவர்கள் குறுக்கே திரும்பி, அடுத்த பாலத்தை நோக்கிப் பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படுவது உண்டு. அங்கே நிற்க வேண்டுமானால் துறையைத் தாண்டி, இடம் பார்த்துத் திரும்பி, ஓட்டத்தை எதிர்த்து மூக்கை வைத்து மெல்ல அணைய வேண்டும். நேரம் மிச்சமிருந்தால் ஸ்டோக்ஸ்பியிலேயே கட்டிவைத்துத் தேநீர் போட்டுக் குடித்துக் காத்திருங்கள். அங்கே காத்திருக்கும் அரை மணி நேரம்தான் அந்த நாளிலேயே பயனுள்ள அரை மணி நேரம்.

நேரம் சரியாக அமைந்துவிட்டால் ஆறு செய்துதரும் உதவியைப் பாருங்கள். வடியும் தண்ணீர் ப்யூர் வழியே உங்களைக் கீழே கொண்டுவருகிறது. யார்மத்தில் நின்று வழிவிடுகிறது. ப்ரெய்டனுக்குள் நீங்கள் நுழையும்போது ஏறத் தொடங்கி, யேர் ஆற்றங்கரையில் இருக்கும் ரீடம் வரைக்கும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது. திரும்பும் நாளிலும் அதே கணக்கு: யேர் ஆற்றில் வடியும் நீரோடு இறங்கி, யார்மத்தில் நின்ற நீரில் பாலம் கடந்து, ஏறும் நீரோடு ப்யூரில் மேலே போகலாம். போக, வர இரண்டுக்கும் ஒரே நேரம் பொருந்துகிற இந்த அமைப்பைத் தாளில் வரைந்து காட்டும்போது, வந்தவர்களின் முகம் தெளிவதைப் பார்ப்பது இந்த வேலையின் நிறைவுகளில் ஒன்று.

வீட்டில் தமிழ் நாட்காட்டி தொங்குகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. அமாவாசை, பௌர்ணமி கழிந்த ஓரிரு நாளில் ஏற்றமும் வடிதலும் பெரிது. அட்டமி, நவமியை ஒட்டிச் சிறிது. நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நாம் தள்ளிவைக்கும் அட்டமி, நவமி யார்மத்தைக் கடக்க இதமான நாட்கள். இழுப்பு குறைவு, இந்தக் கரையில் அந்த நாட்களின் அடிமட்டமும் பெரும்பாலும் முற்பகலில் வரும், நண்பகலையொட்டிக் கடந்துவிடலாம். அமாவாசையை ஒட்டிய நாட்களில் அடிமட்டம் விடியற்காலையிலும் மாலையிலும் விழும். வாடகைப் படகை இருட்டில் ஓட்டக் கூடாது என்பதால் அந்த வாரங்களில் திட்டம் இறுகிவிடும். அட்டமிக்கு ஒரு குறையும் உண்டு: தண்ணீர் அவ்வளவாக இறங்காது, பாலத்தடி இடமும் அந்த அளவுக்குக் குறையும். உயரமான படகு எடுத்தவர்கள் இதை எடைபோட்டுத்தான் வாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இனி உயரக் கணக்கு. ஒவ்வொரு வாடகைப் படகிலும் சுக்கானுக்கு எதிரே, தண்ணீரிலிருந்து கூரை உச்சி வரையான உயரம் அடி அங்குலத்தில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும். மடக்கக்கூடிய கூரையும் முன்கண்ணாடியும் இறக்கிய நிலையில் உள்ள அளவு அது. வரைபடத்தில் பாலத்துக்கு எதிரே இருப்பது சராசரி ஏற்றத்தின்போது கிடைக்கும் இடைவெளி: யார்மத்தின் வாக்ஸ்ஹால் பாலம் 6 அடி 9 அங்குலம், ராக்ஸம் 7 அடி 3 அங்குலம், வேவ்னியில் பெக்கிள்ஸ் பழைய பாலம் 6 அடி 6 அங்குலம், தர்னில் பாட்டர் ஹைகம் பழைய பாலமும் 6 அடி 6 அங்குலம்தான். சராசரி என்ற சொல்லைக் கவனியுங்கள். இருக்கும் இடம் அதைவிடக் குறைந்த நாட்கள் நிறைய. கடைசியில் நம்ப வேண்டியது பாலத்துக்கு முன்னால் தண்ணீரில் நட்டிருக்கும் அளவுப் பலகையை மட்டும். தண்ணீர் தொடும் இடத்தில் என்ன எண் தெரிகிறதோ அதுதான் அப்போதைய இடைவெளி. உங்கள் படகின் உயரத்தைவிட அது சில அங்குலமாவது கூடுதலாக இருந்தால்தான் நுழையலாம். சமமாக இருந்தால் திரும்பிவிட வேண்டும். எதிரே வரும் படகின் அலை ஒன்றே உங்களைத் தூக்கிக் கல்லில் இடிக்கப் போதும்.

பாட்டர் ஹைகம் பழைய பாலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1385ஆம் ஆண்டுக்கு உரியது என்று சொல்லப்படும் கல் பாலம். நடு வளைவு அரைவட்டம். அரைவட்டத்தில் பலகை காட்டும் எண் நடு உச்சிக்கு மட்டும் பொருந்தும். உச்சியிலிருந்து ஓரடி விலகினாலும் கூரை இறங்கிவிடுகிறது. ஒரே உயரமுள்ள இரண்டு படகுகளில், தோள் வளைந்த படகு நுழைந்துவிடும், பெட்டிபோல் சதுரத் தோள் உள்ளது மாட்டிக்கொள்ளும். அடிபடுவது உச்சியில் அல்ல, தோளில். அதனால்தான் இங்கேயும் ராக்ஸத்திலும் வாடகைப் படகுகளை அங்குள்ள பைலட்தான் ஓட்டிக் கடத்த வேண்டும் என்ற ஏற்பாடு. அவர் போகாது என்றால் போகாது. பயணிகள் வருத்தப்படுவார்கள்; பாலத்துக்கு அப்பால் ஹிக்லிங் ஏரியும் ஹார்ஸி மியரும் இருக்கின்றன, அவற்றுக்காகவே வந்தவர்களும் உண்டு. ஆனாலும் அவர் சொல்லை எதிர்த்துப் பேச இடமில்லை. முன்பு வழக்கமாக நுழைந்துகொண்டிருந்த பல படகுகள் இப்போது பெரும்பாலான நாட்களில் நுழைவதில்லை. ஆகவே ஹிக்லிங்கை மட்டுமே நம்பித் திட்டம் போடாதீர்கள். அதைத்தான் பார்க்க வேண்டுமென்றால் பாலத்துக்கு மேற்புறம் சிறு படகு வாடகைக்கு எடுப்பது நல்லது.

பாட்டர் ஹைகத்தில் ஓதத்தால் வரும் ஏற்ற இறக்கம் சில அங்குலம்தான். அங்கே தண்ணீரை ஆள்வது வானிலை. காற்றழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உயரும். 30 மில்லிபார் குறைந்தால் ஓரடி போய்விட்டது. வடமேற்கிலிருந்து பலமான காற்று வட கடலைத் தெற்கே தள்ளும்போது யார்மத்தில் வடிய வேண்டிய தண்ணீர் வடியாது. அடுத்த ஏற்றம் அதன்மேல் வந்து ஏறும். மேலே மழை பெய்திருந்தால் அதுவும் சேரும். அட்டவணையில் இதெல்லாம் இருக்காது. யார்மத் படகுத்துறையில் பருவகாலத்தில் பிராட்ஸ் ஆணையத்தின் ஆட்கள் இருப்பார்கள். புறப்படும் முன் தொலைபேசியில் கூப்பிட்டு, இப்போது பாலத்தடியில் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். ஒரு நிமிடப் பேச்சு.

பழைய காலத்தில் இதே ஆறுகளில் சரக்கு ஏற்றிய வெர்ரி என்ற பாய்மரப் படகுகளுக்குப் பாலம் பெரிய தடையாக இருக்கவில்லை. பாய்மரத்தின் அடியில் கனமான ஈயம் வைத்திருப்பார்கள். ஓடுகிற படகிலேயே மரத்தைச் சாய்த்து, பாலம் கடந்ததும் நிமிர்த்திவிடுவார்கள். 1898இல் கட்டிய அல்பியன் என்ற வெர்ரி இன்றும் கறுப்புப் பாயோடு ஓடுகிறது.

யார்மத்தின் கடைசிப் பாலம் தாண்டியதும் ப்யூர் முடிகிறது. இடப்பக்கம் போனால் துறைமுகமும் கடலும். வாடகைப் படகுக்கு அங்கே அனுமதி இல்லை. மஞ்சள் கம்பத்தைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் திரும்ப வேண்டும். கம்பத்துக்கு உட்புறமாகக் குறுக்கே வெட்டினால் மணல்திட்டில் ஏறிவிடுவீர்கள். ப்ரெய்டன் சுமார் 5 கிலோமீட்டர். பார்வைக்கு முழுவதும் தண்ணீர்போல் தெரிந்தாலும் ஆழம் கம்ப வரிசைகளுக்கு நடுவில்தான். யார்மத்திலிருந்து போகும்போது சிவப்பு இடது கையில், பச்சை வலது கையில். பறவைகளைக் கிட்டப் பார்க்க வரிசையை விட்டு விலகுகிறவர்கள் சேற்றில் அமர்கிறார்கள். தண்ணீர் ஏறும் வேளையானால் சற்று நேரத்தில் மிதந்துவிடலாம். வடியும் வேளையானால் பல மணி நேரம் அங்கேதான்.

பாலத்தடியில் நுழையும் முன் கூரையை மடக்குவது ஒருவர் செய்யும் வேலையல்ல. ஏக்கிளிலேயே ஒருமுறை இறக்கிப் பாருங்கள். தாழ்ப்பாள் இறுகியிருப்பதும் கண்ணாடிக் கீல் சிக்குவதும் அங்கே தெரிந்தால் பரவாயில்லை. வாக்ஸ்ஹால் பாலம் கண்ணெதிரே வரும்போது தெரியக் கூடாது. எல்லோரும் உட்கார்ந்திருக்க, கை, தலை உள்ளே. பாலத்தைக் கையால் தள்ளிப் படகை விலக்கலாம் என்று ஒருவரும் நினைக்க வேண்டாம். பல டன் எடைக்கும் கல்லுக்கும் நடுவே கை நிற்காது.

ரீடத்தில் கட்டும்போது வடக்கு ஆற்றுப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். ராக்ஸத்தில் கயிற்றை இழுத்து இறுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ரீடத்தில் இரவில் தண்ணீர் இரண்டு மூன்று அடி இறங்கும். ஏற்றத்தில் இறுக்கிக் கட்டிய படகு வடியும்போது கயிற்றில் தொங்கி ஒரு பக்கம் சாய்ந்துவிடும், முளை பிடுங்கிக்கொள்வதும் உண்டு. கயிற்றை நேர் கீழாக விடாமல் முன்னும் பின்னும் நீளமாகச் சாய்த்துக் கட்டி, தளர்வு விட வேண்டும். படுக்கப் போகும் முன் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள்.

கடைசி இரவு எந்தக் காரணத்துக்காகவும் பாலத்துக்கு அப்பால் தங்காதீர்கள். வெள்ளிக்கிழமை மாலை பாட்டர் ஹைகத்துக்கு மேலே எளிதாக நுழைந்த படகு, இரவில் காற்று மாறித் தண்ணீர் நான்கு அங்குலம் ஏறினால் சனிக்கிழமை காலை வெளியே வர முடியாது. நீர் இறங்கும்வரை, ஒரு நாளோ இரண்டு நாளோ, அது அங்கேயே நிற்கும். காலையில் படகைத் திருப்பி ஒப்படைத்தால்தான் அதைக் கழுவி, விரிப்பு மாற்றி, தண்ணீரும் டீசலும் நிரப்ப முடியும். பிற்பகலில் அதே படகுக்காக இன்னொரு குடும்பம் பெட்டியோடு துறையில் வந்து நிற்கும்.