பட்டி எம்மன்ஸ் நினைவாக: ஈ9 பெடல் ஸ்டீலைக் கழற்றி மாட்டிய குறிப்புகள்

பெடல் ஸ்டீல் கிட்டார் கலைஞர் பட்டி எம்மன்ஸ் 2015 ஜூலை 21 அன்று, 78 வயதில் மறைந்தார். கிடையாக வைத்து, கம்பிகள்மேல் உலோகப் பாரை நகர்த்தி வாசிக்கும் கிட்டார் அது. பெடல்களும் முட்டி லீவர்களும் கம்பிகளின் சுருதியை மாற்றும். ஈ9 என்பது அதன் சுருதி அமைப்புகளில் ஒன்று. அவரைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் சொல்வது வாசிப்பின் வேகம்தான். எங்களுக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, கிட்டாரின் அடிப்பக்கத்தில் அவர் செய்து வைத்த ஏற்பாடு. பத்துக் கம்பி, மூன்று பெடல், நான்கு முட்டி லீவர் உள்ள பழைய மாணவர் மாடல் ஒன்றை முழுக்கக் கழற்றி, அவர் வகுத்த முறைப்படி திரும்ப மாட்டினோம். ஆல்-புல் வகைக் கிட்டார் இது, அதாவது சுருதியை ஏற்றுவதும் இறக்குவதும் அடியில் உள்ள இழுகம்பிகளை இழுத்தே நடக்கும்.

முதலில் கம்பிகள். 1 முதல் 10 வரை தடிமன், ஆயிரத்தில் ஓர் அங்குலக் கணக்கில்: 12, 15, 11, 14, 17, 20, 26, 30, 34, 36. முதல் ஆறும் வெறுங்கம்பி, மற்றவை சுற்றுக்கம்பி. ஈ-யை ஸட்ஜமாக வைத்தால் ஸ்வரங்கள் வரிசையாக ரி, நி, க, ஸ, ப, க, ரி, ஸ, நி, ப. இரண்டாவது கம்பியில் காகலி நிஷாதம், ஒன்பதாவதில் கைசிகி நிஷாதம். மேலே இருக்கும் முதல் இரண்டு கம்பிகளும் மூன்றாவதைவிடத் தாழ்ந்த சுருதியில் இருப்பது புதியவர்களைக் குழப்பும். அந்த இரண்டும் எம்மன்ஸ் சேர்த்தவை. 1962-ல் கன்ட்ரி பாடகர் ரே ப்ரைஸ் குழுவில் இருந்தபோதே அவற்றைப் பதிவில் பயன்படுத்திவிட்டார்.

அவை எதற்கு என்று வாசித்தால் உடனே தெரியும். பாரை ஒரே ஃப்ரெட்டில் வைத்துக்கொண்டு 8, 7, 6, பி பெடலை (க-வை ம ஆக்குவது) மிதித்து 6, விட்டுவிட்டு 5, ஏ பெடலை (ப-வைத் த ஆக்குவது) மிதித்து 5, பிறகு 2, 4 என்று மீட்டுங்கள். பார் அசையாமல் சங்கராபரணம் முழுதாக வந்துவிடும். மேலே 1, 3, பி பெடலுடன் 3 என்று ரி, க, ம வரை போகலாம். இரண்டாவது கம்பி இல்லையென்றால் நிஷாதத்துக்குப் பாரை இழுத்துத் திரும்ப வேண்டும். வேகமான வாசிப்பில் அதற்கு நேரம் கிடைக்காது.

பெடல் கதை இன்னும் முந்தையது. 1954-ல் வந்த இசைத்தட்டில் பெடல் ஸ்டீல் கலைஞர் பட் ஐசக்ஸ் ஒரே பெடலில் காந்தாரத்தை மத்யமமாகவும் பஞ்சமத்தைத் தைவதமாகவும் சேர்த்து ஏற்றினார். 1956-ல் எம்மன்ஸ் அதை இரண்டு பெடலாகப் பிரித்தார். ஏ பெடல் 5, 10-ஆம் கம்பிகளை பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கும், பி பெடல் 3, 6-ஆம் கம்பிகளை ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-வுக்கும் ஏற்றும். இன்னொரு ஸ்டீல் கலைஞர் ஜிம்மி டே இதே பெடல்களை இடம் மாற்றி வைத்துக்கொண்டார். இன்றும் 'எம்மன்ஸ் செட்டப்', 'டே செட்டப்' என்று கேட்டுத்தான் கிட்டார் வாங்குகிறார்கள்.

சிக்கல் முழுக்க பி பெடலில்தான். அது இழுக்கும் இரண்டு கம்பிகளும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஆனால் 6-ஆம் கம்பி ஒரு ஸ்தாயி கீழே உள்ள வெறுங்கம்பி. அரை ஸ்வரம் ஏற அதற்குக் கொஞ்சம் இழுப்பே போதும், 3-ஆம் கம்பிக்கு அதைப் போலச் சுமார் நான்கு மடங்கு வேண்டும். இரண்டு இழுகம்பிகளையும் பெல் கிராங்கில் (பெடல் திருப்பும் குறுக்குத் தண்டில் உள்ள, துளைகள் கொண்ட சிறு கை) ஒரே துளையில் மாட்டினால் 6 முன்னால் ஓடிவிடும், 3 பின்தங்கி அழும். 3-இன் இழுகம்பியைக் குறுக்குத் தண்டிலிருந்து தள்ளியிருக்கும் துளைக்கும், 6-இன் இழுகம்பியைத் தண்டை ஒட்டிய துளைக்கும் மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். மிச்ச வித்தியாசம் இருந்தால் 6-இல் 22 சுற்றுக்கம்பி போடலாம். அதற்கு இழுப்பு கூடுதலாகத் தேவைப்படும், ஆகவே பொருந்தி வரும்.

3-ஆம் கம்பி அடிக்கடி அறும். 24 அங்குல நீளத்தில் 11 கம்பி 440 ஹெர்ட்ஸ் வரை ஏறுவதால் இழுவிசை எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கம்பி முனையைப் பிடித்து இழுக்கும் சேஞ்சர் விரலின் உச்சியில், வளைந்து வளைந்து அதே இடத்தில்தான் அறும். விரலில் பள்ளம் விழுந்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பளபளப்பாக்கி, ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட வேண்டும். 11 கம்பியைத் தனியாக அரை டஜன் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம்.

சுருதி சேர்க்கும் வரிசை முக்கியம். முதலில் இழுகம்பிகளின் முனையில் உள்ள நைலான் திருகுகளைத் தளர்த்தி, இழுகம்பியில் துளி ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்டமே இல்லாவிட்டால் விரல் தன் இடத்தில் போய் உட்காராது, பெடலை விட்ட பிறகும் கம்பி ஏறியே நிற்கும். திறந்த சுருதியை முறுக்காணியில் சேர்த்த பிறகே பெடலை மிதித்து நைலான் திருகைத் தொட வேண்டும். காந்தாரத்தை ட்யூனர் காட்டுவதைவிடச் சுமார் 14 சென்ட் (ஒரு சென்ட் அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு) இறக்கினால் கார்டு அசைவில்லாமல் நிற்கும். தொல்லை ரிஷபத்தில்தான். பெடல் இல்லாதபோது பஞ்சமத்தோடு பொருந்தும் ரிஷபமும், ஏ-பி இரண்டையும் மிதிக்கும்போது மத்யமத்தோடு பொருந்தும் ரிஷபமும் சுமார் 22 சென்ட் விலகி நிற்கின்றன. நம்மவர்கள் பிரமாண சுருதி என்று சொல்லும் அதே இடைவெளி! நடுவில் வைத்துச் சமாளித்தோம். இரண்டு பெடலையும் மிதித்தால் பெட்டி லேசாக வளைந்து ஈ கம்பிகள் இரண்டு மூன்று சென்ட் இறங்குவதற்கு மருந்து கிடையாது.

பார் 7/8 அங்குல விட்டம், 3¼ அங்குல நீளம், சுமார் 210 கிராம். இதைவிட லேசானதை எடுத்தால் கம்பி கரகரக்கும். எம்மன்ஸ் வாசிப்பில் ஸ்வரங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தனித்தனியாகத் தெறிப்பதற்குக் காரணம் வலது கை. மீட்டிய உடனே உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்க விளிம்பு கம்பியில் படிந்து ஒலியை நிறுத்துகிறது. வால்யூம் பெடலைப் பாதிக்கு மேல் வைத்துத் தொடங்கி, ஒலி தேயத் தேய மிதித்துக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் பூஜ்யத்திலிருந்து ஏற்றினால் இந்தத் தெறிப்பு செத்துப்போகும்.

ஜி கார்டு 3-ஆம் ஃப்ரெட்டில் பெடல் இல்லாமலும், 6-ல் ஏ பெடலும் ஈ-யை எஃப்-ஆக்கும் லீவரும் சேர்ந்தும், 10-ல் ஏ-பி பெடல்களோடும் சரியாக விழுகிறது. இரண்டாவது கம்பியை இறக்கும் லீவர் இன்னும் பாக்கி. பாதி வழியில் காகலி கைசிகியாகி ஹரிகாம்போதி கிடைக்க வேண்டும், முழுதும் தள்ளினால் தைவதம். பாதியில் முட்டிக்கு ஒரு தடை உணர்வு தரும் ஸ்பிரிங் இன்னும் மாட்டவில்லை.