ஒரே வார்டில் இரண்டு முனியசாமி: இணையவழியில் நோயாளர் பாதுகாப்பு நடத்திய அனுபவம்

2020-இல் கொரோனாப் பொதுமுடக்கத்தால் கல்லூரி மூடப்பட்டபோது, செவிலிய மாணவியருக்கு நோயாளர் பாதுகாப்புப் பாடத்தை இணையவழியில் நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. தொண்டியிலிருந்து தங்கச்சிமடம் வரை கடலோர ஊர்களில் இருந்த அவர்களில் பலருக்கு வீட்டுக்கு ஒரே கைபேசிதான். அப்பா விசைப்படகில் போகும்போது அதுவும் கூடவே போய்விடும். அடுத்த ஆண்டு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் வருகைப்பதிவு கூடியதன் காரணம் எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

முதலில், நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பதில் தொடங்கும் சர்வதேச நோயாளர் பாதுகாப்பு இலக்குகள் ஆறையும் திரையில் காட்டி வாசித்தேன். தேர்வில் அனைவரும் வரிசை பிசகாமல் எழுதினர். ஆனால், ஒரே வார்டில் இரண்டு முனியசாமி இருந்தால் ஊசியை யாருக்குப் போடுவாய் என்று கேட்டதற்கு, "பெட் நம்பரைப் பார்த்துப் போடுவேன் மேடம்" என்றாள் ஒருத்தி. நோயாளியைப் படுக்கை மாற்றினால் அந்த எண் பொய்யாகிவிடும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை. பெயரும் உள்நோயாளி எண்ணும் என இரண்டு அடையாளங்களைச் சரிபார்க்க வேண்டும், அதிலும் "நீங்கள்தானே முனியசாமி?" என்று கேட்டால் காது மந்தமான பெரியவர் எதற்கும் தலையாட்டுவார் என்பதால், பெயரை அவர் வாயாலேயே சொல்லவைக்க வேண்டும். இதை வீட்டில் உள்ள தாத்தா பாட்டியிடம் பேசிப் பழகச் சொன்னேன்.

இன்சுலின் பாடத்துக்கு இரண்டு சிரிஞ்சுகளைக் கேமரா முன் பிடித்தேன்: சிவப்பு மூடி ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ள குப்பிக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் உள்ள குப்பிக்கு. 40 யூனிட் மருந்தை, 20 யூனிட் என நினைத்து ஆரஞ்சு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் நோயாளிக்குப் போவது 8 யூனிட். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் 50. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த மாணவி ஒருத்தி, குளிர்ச்சிக்காக மண்பானையில் வைத்திருந்த தன் பாட்டியின் இன்சுலின் குப்பியை எடுத்துவந்து, அதன் எண்ணையும் சிரிஞ்சின் மூடியையும் கைபேசிக்கு நேரே காட்டினாள். நான் தயாரித்த படங்கள் எதுவும் அந்த அளவுக்குப் பயன்படவில்லை.

பணி மாற்றத் தகவலை, அதாவது பணிநேரம் முடிந்து அடுத்த செவிலியரிடம் நோயாளியை ஒப்படைக்கும்போது சொல்வதை, நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற வரிசையில் ஒரு நிமிடக் குரல்பதிவாக அனுப்பச் சொன்னேன். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சிக்னல் விட்டுவிட்டு வந்ததும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. வளவளவென்று பேசுவது நின்றது.

தவறுகளைப் பற்றிப் பேச மட்டும் அவர்கள் தயங்கினர். பணியில் சேர்ந்த புதிதில், பெயர் ஒத்த வேறொருவரின் சர்க்கரை மாத்திரையை நான் ஒரு நோயாளியிடம் நீட்டியதையும், "அப்பாவுக்குச் சுகர் கிடையாதே சிஸ்டர்" என்று அவர் மகன் தடுத்ததையும் சொன்ன பிறகே, பெயர் குறிப்பிடாமல் அவர்களும் எழுதத் தொடங்கினர். ஆசிரியர்கள் தங்கள் தவறைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடலாம்.

நோயாளி கீழே விழாமல் எழுப்பி உட்காரவைப்பதைத் திரைவழியாகக் கற்பிக்க முடியவில்லை. கல்லூரி திறந்ததும் முதல் வாரத்தை அதற்கே ஒதுக்கினேன்.