புனிதர் நம் தெருவுக்கு வரும் ஆண்டு

லுக்பான் ஊரில் ஒரு வீட்டுக்கு முறை வருவதென்றால் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உழவர்களின் காவலரான புனித இசிதோரின் சுரூபம் மே 15 அன்று அங்கே ஊர்வலம் வருகிறது. அந்தப் பவனியின் பாதையை ஒவ்வோர் ஆண்டும் வேறு வேறு தெருக்களின் வழியாக மாற்றி அமைக்கிறார்கள். அவ்வாண்டுப் பாதையில் அமைந்த வீடுகள்தாம் தம் விளைச்சலை முகப்பில் தொங்கவிட்டு அவரை வரவேற்கும். எங்கள் அண்டை வீட்டு அம்மையாரின் பிறந்தகம் லுக்பானில் இருக்கிறது. "இந்த வருஷம் எங்கள் தெருவுக்கு வருகிறார், நீங்கள் எல்லாரும் அவசியம் வந்துவிட வேண்டும்" என்று அவர் ஏப்ரல் மாதமே சொல்லிவிட்டார். கல்யாணத்துக்கு அழைப்பவரின் முகம் அவருக்கு. மூத்த பெண்களை இங்கே 'ஆத்தே' என்று அழைப்பார்கள். நானும் அவரை அப்படித்தான் அழைக்கிறேன்.

நாங்கள் வசிப்பது பிலிப்பைன்ஸின் லகூனா மாகாணத்தில், லாஸ் பான்யோஸ் என்னும் ஊரில். 1960-இல் அங்கே தொடங்கப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் என் கணவருக்கு வேலை. என் தாத்தா தஞ்சைப் பக்கத்தில் பயிரிட்ட ஐ.ஆர். எட்டு நெல் 1966-இல் வெளியானது இந்த நிலையத்திலிருந்துதான், எம்.எஸ். சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை இதன் தலைமை இயக்குநராக இருந்தார். ஆகையால் நெல்லைப் பற்றிப் பேச்சு எழாத நாள் எங்கள் வீட்டில் கிடையாது. ஆனால் அந்த நெல்லைக் கொண்டு இறைவனுக்கு மாலை கட்டுகிற ஊரைக் காண்பதற்கு, பக்சன்ஹான், கவிந்தி, லுயிசியானா என்று ஒவ்வோர் ஊராகக் கடந்து மலைப்பாதையில் ஏற வேண்டியிருந்தது.

லுக்பான் இருப்பது கேசோன் மாகாணத்தில், 2,170 மீட்டர் உயரமுள்ள பனஹாவ் மலையின் அடிவாரத்தில். தயாபாஸ் என்று அழைக்கப்பட்டு வந்த மாகாணம் இது. நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்த மனுவேல் கேசோனின் நினைவாக 1946-இல் பெயர் மாற்றம் பெற்றது. பனஹாவ் இங்கே வெறும் மலையன்று. புனித வாரத்தில் அதன் ஊற்றுகளையும் குகைகளையும் தேடி யாத்திரிகர்கள் வருவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த 14-ஆம் தேதி மாலையில் மலை மேகத்துக்குள் இருந்தது. ஊரோ முழுக்க விழித்திருந்தது.

ஆத்தேயின் வீட்டு முற்றத்தில் உறவினர்கள் ஏணி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கதிரோடு கூடிய நெற்கட்டுகள், காராமணிச் சரங்கள், சௌசௌ, முள்ளங்கி, பரங்கி, இளநீர்க் குலைகள் என எல்லாம் சுவரை மறைத்திருந்தன. எங்கள் ஊர்ப்பக்கம் அம்மனுக்குச் செய்யும் சாகம்பரி அலங்காரத்தை ஒரு வீட்டுக்கே செய்ததுபோல இருந்தது அது. நிலம் இல்லாதவர்கள் தங்கள் தொழிலின் பலனைக் காணிக்கையாக வைக்கிறார்கள். தொப்பி முடைபவர் வீட்டு முகப்பில் புந்தால் நாரில் முடைந்த தொப்பிகளும், லொங்கனீசா என்னும் பூண்டு மணக்கும் இறைச்சிக் குழல்களைச் செய்பவர் வீட்டில் அவற்றின் சரங்களும் தொங்கின. சைவ உணவு உண்ணும் என் கணவர் அந்த வீட்டுக்கு முன்னால் சற்று வேகமாக நடந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலே கண்ணைப் பறித்தவை கிப்பிங் இலைகள். அரிசியை ஊறவைத்து அரைத்த மாவில் நிறம் கலந்து, கபால் என்னும் மரத்தின் அகன்ற இலையில் மெல்லியதாகத் தடவி, ஆவியில் வேகவைத்து, ஆறியபின் இலையிலிருந்து உரித்தெடுத்து, சுருளாதபடி பாரம் வைத்துக் காயவிடுகிறார்கள். காப்பி இலையிலும் கொக்கோ இலையிலும்கூடச் செய்வதுண்டு. இலையின் நடு நரம்பும் கிளை நரம்புகளும் அப்படியே அந்த அரிசித் தகட்டில் பதிந்துவிடுகின்றன. இலை வடாம் போட்டுப் பழகிய எவருக்கும் இதன் செய்முறையில் பாதி முன்பே தெரிந்ததுதான். சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக நூற்றுக்கணக்கான இலைகளை மூங்கில் சட்டத்தில் அடுக்கடுக்காகக் கட்டி, 'அராங்ய' என்னும் தொங்குவிளக்கின் வடிவில் சாளரத்துக்கு மேலே மாட்டியிருந்தார்கள். ஆத்தேயின் தாயார், எல்லாருக்கும் லோலாவாகிய பாட்டி, ஒரு நாற்காலியில் அமர்ந்தபடி எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் வர வேண்டும் என்று கைத்தடியால் காட்டிக்கொண்டிருந்தார். இரவு ஒரு மணிக்குமேல் என்னையும் ஒரு சட்டத்தில் கட்டச் சொன்னார்கள். நான் கட்டிய வரிசையில் இரண்டு இலைகள் உடைந்தன. லோலா அதைப் பார்த்தும் பாராததுபோல் இருந்தார்.

புனித இசிதோர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் மாத்ரித் நகருக்கருகே கூலிக்கு உழுத எளிய மனிதர். விடியற்காலையில் கோயிலுக்குச் சென்று வழிபட்டுவிட்டு வருவதால் வேலைக்குத் தாமதமாகிறார் என்று உடன் உழுபவர்கள் பண்ணையாரிடம் புகார் சொல்ல, உண்மையறிய வந்த பண்ணையார், அவர் செபத்தில் இருக்கையில் வானதூதர் அவருடைய ஏரைப் பிடித்து உழுவதைக் கண்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இதைக் கேட்ட மாத்திரத்தில் எனக்கு நந்தனார் நினைவு வந்தது. தில்லைக்குப் போக அனுமதி கேட்ட பண்ணையாளுக்கு நாற்பது வேலி நிலத்தின் வேலையை நிபந்தனையாக வைத்ததும், ஒரே இரவில் சிவபூதங்கள் அதை முடித்துக் கொடுத்ததும் நாம் சிறு வயது முதல் கேட்டதுதானே. இரண்டு கதைகளிலும் பக்தன் செய்ய வேண்டிய வயல்வேலையைத் தெய்வம் தன் ஆட்களை அனுப்பி முடிக்கிறது. இசிதோருக்கு 1622-இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பணியாற்றிய சவேரியாருக்குப் பட்டம் வழங்கப்பட்டதும் அதே நாளில்தான்.

விடியுமுன்பே புனித லூயிஸ் ஆயர் ஆலயம் நிரம்பிவிட்டது. திருப்பலி தகலோக் மொழியில் நடந்ததால் எனக்குச் சொற்கள் விளங்கவில்லை. ஆனால் காணிக்கை நேரத்தில் பீடத்தை நோக்கிச் சென்ற நெற்கதிர்களும் காய்கனிகளும் விளங்கின. முற்காலத்தில் உழவர்கள் தம் விளைச்சல் முழுவதையும் ஆலயத்துக்கே கொண்டு வந்தார்கள் என்றும், அது கொள்ளாமற்போன பிறகே அவரவர் வீட்டு வாசலில் வைக்க, குருவானவர் தெருத்தெருவாகச் சென்று ஆசீர்வதிக்கும் வழக்கம் வந்தது என்றும் ஊரில் சொல்கிறார்கள். இந்த விழாவின் பெயராகிய பஹியாஸ், அலங்காரத்தைக் குறிக்கும் 'பயாஸ்' என்னும் சொல்லிலிருந்து வந்தது.

திருப்பலி முடிந்து சுரூபம் ஆலயத்தை விட்டு வெளியே வந்தபோது தூறல் போட்டது. கிப்பிங் அரிசியால் ஆனது, நனைந்தால் தொய்ந்துவிடும். நாங்கள் வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தபோது ஆண்கள் கூரைமேல் ஏறிப் பிளாஸ்டிக் தாள்களை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். வாத்திய இசை தெருமுனையில் கேட்கத் தொடங்கியது. மூடியது மூடியபடியே இருக்கப் புனிதர் கடந்து போய்விடுவாரோ என்று ஆத்தே பதறியபோது, லோலா மட்டும் அமைதியாக, "எடுத்துவிடுங்கள், மழையும் அவருடையதுதான்" என்றார். தாள்களை உருவினார்கள். கையில் மண்வெட்டியும் பக்கத்தில் வானதூதரும் ஏரும் எருதுமாக, உழவர் உடையில் புனிதர் தோள்களின் மேல் அசைந்து வந்து எங்கள் வாசலுக்கு நேரே வந்தபோது லோலா நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார். நான் கைகூப்பினேன். தூறல் எப்போது நின்றது என்பதை நான் கவனிக்கவில்லை.

பவனி போன பிறகு ஊர் வேறோர் ஊராகிவிடுகிறது என்பதையும் எழுதத்தான் வேண்டும். முற்பகலில் வெளியூர்ப் பேருந்துகள் வந்து குவிய, தெருவில் நடக்க இடமில்லை. அலங்காரத்துக்குப் பரிசு உண்டு என்பதால் சில வீடுகளில் பக்தியைவிடப் போட்டி தூக்கலாகத் தெரிந்தது. வணிகப் பதாகைகள் நெற்கட்டுகளை மறைத்துக்கொண்டு நின்றன. ஆயினும் அந்தக் கூட்டத்தில் முன்பின் அறியாதவர்களையும் கைகாட்டி உள்ளே அழைத்துச் சோறு போட்ட வீடுகளை நான் எண்ணி முடிக்கவில்லை. வெளியே வாழையிலைத் துண்டில் வைத்து, கரண்டியும் கையும் படாமல், நேரே வாயால் கவ்வி உண்ணும் பன்சித் ஹப்ஹப் என்னும் சேமியா வகையை என் மகன் முகமெல்லாம் பூசிக்கொண்டு தின்றான்.

விழாவின் கடைசிச் செயல் அலங்காரத்தைக் கலைப்பது. இரவெல்லாம் கட்டியதை அன்றே பிரித்து, வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். காய்களும் கனிகளும் கிப்பிங் இலைகளும் கை கையாகப் போய், வெற்றுச் சுவர் மறுபடி தெரியலாயிற்று. நான் கட்டிய வரிசை எவருடைய கைக்குப் போயிற்றோ தெரியாது. லோலா நிறம் கலக்காத வெள்ளைக் கிப்பிங் சிலவற்றை என் கையில் தந்து, தொங்கவிட்டவற்றை அழகுக்கு வைத்துக்கொள், இவற்றைப் பொரித்துச் சாப்பிடு என்றார். ஒன்றைப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டு மற்றவற்றை எண்ணெயில் பொரித்தேன். ரசஞ்சாதத்துக்கு நன்றாக இருந்தது.

மறு ஆண்டு அதே நாளில் நாங்கள் அடுத்த ஊரான தயாபாஸுக்குப் போனோம். அங்கே புனித மிக்கேல் அதிதூதர் பேராலயம் இருக்கிறது. தரைவடிவம் திறவுகோலைப் போல இருப்பதால் 'தயாபாஸின் சாவி' என்று பெயர். 103 மீட்டர் நீளமுள்ள அதன் நடுப்பாதையில் நடந்து பீடத்தை அடைவதே ஒரு சிறு யாத்திரைதான். இந்த வட்டாரத்தின் பக்தி வரலாற்றில் ஆறாத ஒரு காயமும் உண்டு. லுக்பானில் பிறந்த அபொலினாரியோ தெ லா குரூஸ், உள்நாட்டவர் என்பதனால் துறவற சபையில் சேர்த்துக்கொள்ளப்படாமல், 1832-இல் எளிய மக்களுக்காகப் புனித சூசையப்பர் பெயரில் தாமே ஒரு பக்த சபையைத் தொடங்கினார். ஸ்பானிய அரசு அதை நசுக்கி, 1841 நவம்பர் 4 அன்று தயாபாஸில் அவரைக் கொன்றது. எர்மானோ பூலே என்று அவர் அழைக்கப்பட்ட பெயரை இன்றும் மக்கள் மரியாதையுடன் சொல்கிறார்கள்.

தயாபாஸ் விழாவில் வீட்டு அலங்காரத்தைவிடச் சுமான் வீசுவதே முக்கியம். பசையரிசியை இலையில் சுற்றி வேகவைத்த பண்டம் சுமான்; நம் கொழுக்கட்டைக்குத் தூரத்து உறவு. இசிதோரின் சுரூபம் கடந்து செல்கையில் மாடிகளிலிருந்தும் சாளரங்களிலிருந்தும் அதைக் கூட்டத்தை நோக்கி எறிகிறார்கள். மூங்கிலில் கொத்துக் கொத்தாகக் கட்டியும் வைக்கிறார்கள். சிலர் குடையைத் தலைகீழாக விரித்துப் பிடித்தார்கள். எனக்கு முதலில் கிடைத்தது தோளில் ஓர் அடி, பிறகே பிரசாதம். எறிபவர்களின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி பிடிப்பவர்களின் முகத்தில் இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தது என்பது என் கணிப்பு.

மூன்றாம் ஆண்டு சரியாயா. தேங்காய் வணிகம் செழித்த காலத்தில் தோப்புடைமைக் குடும்பங்கள் கட்டிய பழைய மாளிகைகள் நிறைந்த ஊர் அது. அங்கே வீதியோரம் மூங்கில்களை நட்டு, அவற்றின் கிளைகளில் பழங்கள், மிட்டாய்கள், பொம்மைகள், உருவங்களாகச் செய்த ரொட்டிகள் ஆகியவற்றைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். 'அகாவ்' என்றால் பறித்தல். விழாவின் பெயரே அகாவான். ஆனால் புனிதர் கடக்கும்வரை ஒரு கையும் நீளாது. என் பக்கத்தில் நின்ற ஒரு சிறுவன் தலைக்கு மேலே ஆடிக்கொண்டிருந்த ரொட்டியைப் பார்ப்பதும், தெருமுனையைப் பார்ப்பதுமாக நெடுநேரம் தவித்தான். சுரூபம் அந்த மூங்கிலைத் தாண்டிய கணத்தில் அது வளைந்து சாய்ந்தது. பிறகு இலைகூட மிஞ்சவில்லை. அவனுக்கு ரொட்டி கிடைத்ததா என்று பார்க்க முடியாதபடி கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போய்விட்டது.

அதே மாகாணத்தின் கூமாக்காவிலும் அதே நாளில் காய்கனிகளால் வளைவுகள் எழுப்பிக் கொண்டாடுகிறார்கள். நான் இன்னும் போகவில்லை. ஆகஸ்டு மாதத்தில் மாகாண அரசு நடத்தும் தென்னை விழாவுக்கு ஒருமுறை போனேன். ஆட்டமும் ஊர்திகளும் அழகாகத்தான் இருந்தன, ஆனால் கைகூப்ப எனக்கு அங்கே ஓர் இடம் அகப்படவில்லை. மே 15-இல் எந்த ஊருக்குப் போனாலும், ஒரு வருஷத்து உழைப்பு முதலில் ஒரு கூலி உழவரின் கண்ணுக்குக் காட்டப்பட்டு, அவர் பார்த்துவிட்டுப் போன மறுநொடி யார் யாருடைய கைக்கோ போய்விடுகிறது. காட்டுவதற்கும் கொடுப்பதற்கும் நடுவே வைத்துக்கொள்வது என்ற ஒன்றே இல்லை.

நான்காம் ஆண்டு மீண்டும் லுக்பானுக்குப் போனோம். பவனி ஊரின் மறுகோடியில் வேறு தெருக்களின் வழியாகப் போயிற்று. ஆத்தேயின் வீடு மற்ற நாட்களைப் போலவே வெறுமையாக இருந்தது. நாங்கள் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது லோலா அதே நாற்காலியில் அமர்ந்திருந்தார். யார் வீட்டு முகப்பு எப்படி இருந்தது, மஞ்சள் கிப்பிங் யார் வீட்டில் அதிகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு எங்கள் தெருவுக்கு அடுத்த முறை எப்போது வரும் என்று மகளிடம் விசாரித்து, விரல்விட்டு எண்ணினார். பரணில் இருந்த அராங்யவின் மூங்கில் சட்டத்தை எனக்குக் காட்டச் சொன்னார். பழைய கட்டுகளை எல்லாம் அவிழ்த்துவிட்டு, புதுக் கயிறு கட்டி வைத்திருந்தார்.