மிளகு எங்கள் வீட்டில் தூங்கப் பழகியது

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் ஒரு விவசாயி வீட்டில் நாட்டு நாய் ஆறு குட்டி போட்டிருந்தது. டிசம்பர் கடைசியில், அரையாண்டு விடுமுறை விட்ட சமயம், நாலாவது படிக்கும் என் மகளைக் கூட்டிக்கொண்டு போய் அதில் ஒன்றை வாங்கி வந்தேன். உடம்பு முழுக்கக் கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு வெள்ளைப் புள்ளி. ஸ்கூட்டரில் வரும்போதே மகள் 'மிளகு' என்று பேர் வைத்துவிட்டாள். "45 நாள் ஆச்சு, சோறு நல்லா திங்குது, எடுத்துக்கினு போங்க" என்றார் அந்த அண்ணன். நாய்க்குட்டி குறைந்தது எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பத்துப் பதினைந்து நாள் பொறுத்துப் போயிருப்பேன். பின்னால் பட்ட பாட்டில் பாதிக்கு அதுதான் காரணம்.

எங்கள் வீடு காட்பாடியில், ரயில் பாதைக்குக் கொஞ்சம் தள்ளி. அன்று சாயங்காலம் ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினோம். களைத்துப்போய் ஏழு மணிக்குத் தூங்கியது, ஒன்பதரைக்கு எழுந்தது. பத்து மணிக்கு ஹாலில் ஒரு அட்டைப்பெட்டியில் பழைய லுங்கியை விரித்து அதைப் படுக்க வைத்துவிட்டு, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் அறைக்குள் போய்விட்டோம். "அழுதா போய்ப் பாக்காதே, பாத்தா அதுவே பழக்கமாயிடும், ரெண்டு நாள்ல அடங்கிடும்" என்று தெரிந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். நானும் நம்பினேன்.

முதலில் சிணுங்கல். அப்புறம் அழுகை. அப்புறம் ஒரு சின்ன ஊளை. கூட்ஸ் வண்டி போகும்போதெல்லாம் ஒரு நொடி அடங்கும், வண்டி போனதும் முன்னைவிடக் கூடுதலாகக் கத்தும். மகள் போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தாள். மூன்று மணிக்குமேல் சத்தம் நின்றது. தூங்கிவிட்டது என்று நினைத்தேன். விடியற்காலையில் கதவைத் திறந்தால், பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது. குட்டி எங்கள் கதவோடு ஒட்டி, வெறும் மொசைக் தரையில், தன் மூத்திரத்தின் மேலேயே சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தது. மார்கழிக் குளிர் வேறு. அந்தக் காட்சி இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

எதிர்வீட்டு ஆயா வாசலில் கோலம் போட்டுக்கொண்டே கேட்டார்: "இன்னா கண்ணு, ராத்திரி பூரா குட்டி கத்திக்கினே கீதே? ஆட்டுக்குட்டியவே மொத நாளு நாங்க தனியா கட்டமாட்டோம். அதுக்கு இன்னா தெரியும்? அம்மாவத் தேடுது."

ஆடு வளர்த்துப் பழகியவர் அவர். அவர் சொன்னபிறகுதான் யோசித்தேன். பிறந்த நாளிலிருந்து ஆறு குட்டிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து, தாயின் வயிற்றுச் சூட்டில் தூங்கியவை. மிளகு அதுவரை ஒரு நிமிடம்கூடத் தனியாக இருந்ததில்லை. தனியே விடப்பட்ட குட்டி கத்தினால்தான் தாய் தேடி வரும். கத்துவது அதன் உயிர் காக்கும் வழி. நான் அதை அடம் என்று நினைத்துக் கதவைச் சாத்தியிருக்கிறேன்.

அன்று மத்தியானமே மறுபடி அணைக்கட்டுக்கு வண்டியை எடுத்தேன். தாய் நாய் படுத்திருந்த கோணிச் சாக்கைக் கேட்டேன். அந்த அண்ணனுக்கு ஆச்சரியம்தான், இருந்தாலும் பாதியை வெட்டிக் கொடுத்தார். துவைக்காமல் அப்படியே பெட்டியில் விரித்தேன். மிளகு அதில் மூக்கை வைத்து வெகு நேரம் மோந்துகொண்டே இருந்தது. பிறகு வட்டமாக இரண்டு சுற்று சுற்றிப் படுத்தது. குட்டி வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: தாயின் வாசனை ஏறிய ஒரு துணியைக் கையோடு கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.

இரண்டாம் இரவு பெட்டி எங்கள் அறைக்குள் வந்தது. நான் கட்டிலைவிட்டு இறங்கி, பெட்டிக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தேன். பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, துண்டில் நன்றாகச் சுற்றி சாக்குக்கு அடியில் ஒரு ஓரமாக வைத்தேன். சூடு பிடிக்காவிட்டால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும், அதனால்தான் ஓரம். ஒரு கை பெட்டிக்குள். விரலை நக்கியது, மெல்லக் கடித்தது, அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டது.

அடுத்தது மூத்திரம். குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டினால், ஏறக்குறைய அத்தனை மணி நேரம்தான் அதனால் அடக்க முடியும். மிளகுக்கு ஒன்றரை மாதம், அதாவது இரண்டரை மணி நேரம். பன்னிரண்டரைக்கு, மூன்றுக்கு, ஐந்தரைக்கு என்று அலாரம் வைத்தேன். அது அழுது எழுப்புவதற்கு முன்னால் நாம் எழுந்துவிடுவது நல்லது; அழுதால் ஆள் வருவார் என்று கற்றுக்கொள்ளாது. பெரிய விளக்கைப் போடாமல், பேசாமல், அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் விடுவேன். தினமும் அதே இடம். முடித்ததும் தாழ்ந்த குரலில் "நல்ல புள்ள" என்று ஒரு வார்த்தை, உடனே பெட்டி. அந்த நேரத்தில் கொஞ்சினால் விளையாட்டு என்று நினைத்துக்கொள்ளும். தெருவுக்கு மட்டும் கொண்டுபோகவில்லை. பார்வோ என்ற கடும் வயிற்றுப்போக்குக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், தடுப்பூசி முடியாத குட்டிக்கு அது எமன்.

வீட்டுக்குள் போய்விட்ட நாட்களும் உண்டு. மூக்கைப் பிடித்து அதில் தேய்க்கச் சொன்னார்கள். எந்தக் குட்டிக்கும் அதைச் செய்யாதீர்கள். எதற்குத் தண்டனை என்று அதற்குப் புரியாது, நம்மைக் கண்டால் பயம் மட்டும்தான் மிஞ்சும். வினிகரைத் தண்ணீரில் கலந்து துடைத்தால் வாடை போய்விடுகிறது. வாடை இருந்தால் திரும்ப அதே இடத்துக்குத்தான் வரும்.

நாலாம் இரவு வயிற்றுப்போக்கு. என் அம்மா பாசத்தில் படுக்கும் முன் ஒரு டம்ளர் பசும்பால் கொடுத்திருந்தார்கள். காலையில் அரசு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பசும்பாலில் இருக்கிற சர்க்கரை பல குட்டிகளுக்குச் செரிக்காது, நிறுத்துங்கள் என்றார் டாக்டர். குடற்புழு மருந்தும் கொடுத்து, முதல் தடுப்பூசிக்கு நாள் குறித்தார். அதன்பின் ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு, கொஞ்சம் கொஞ்சமாக. குழைந்த சோறு, உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முட்டை. கடைசி வேளை ஏழு மணிக்கு. தண்ணீரை எடுத்து ஒளித்து வைக்கவில்லை.

இரவுத் தூக்கம் சாயங்காலமே தீர்மானமாகிறது என்பது ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குப் பிடிபட்டது. இந்த வயதில் ஒரு நாளில் 18 மணி நேரத்துக்குமேல் தூங்கும், அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் எட்டரைக்கு எழுப்பி, முக்கால் மணி நேரம் துணிப்பந்தை உருட்டி விளையாடவிட்டு, ஒருமுறை மரத்தடிக்குப் போய்வந்து, வீட்டை அமைதியாக்கிவிட்டால் பத்து மணிக்குத் தானாகப் பெட்டிக்குள் போய்ப் படுக்கிறது.

பகலில் தனியாக இருக்கப் பழக்கியது மகளின் வேலை. கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்று மெல்லப் பத்து எண்ணுவாள், திறப்பாள். பிறகு இருபது. பிறகு ஒரு பாட்டு முடியும் வரை. குட்டி அழத் தொடங்கும் முன்னால் திரும்பிவிட வேண்டும் என்பது ஒன்றே விதி. போனவர்கள் வந்துவிடுவார்கள் என்று மிளகுக்குப் பகலில் தெரிந்தது, இரவில் உதவியது. பத்து நாளில் நான் கட்டிலுக்கு ஏறிவிட்டேன், கை மட்டும் கீழே தொங்கும். அப்புறம் கையும் வேண்டியிருக்கவில்லை. பெட்டியை ஒரு நாளைக்கு ஓர் அடியாகக் கதவுப் பக்கம் நகர்த்தினோம்.

சரி, முடிந்தது என்று நினைத்தபோது போகி வந்தது. எங்கள் பக்கம் விடிவதற்கு வெகு நேரம் முன்பே பிள்ளைகள் போகி மேளத்தை எடுத்துவிடுவார்கள். நாலு மணிக்குத் தெரு முழுக்க அடி, டயர் புகை. மிளகு பீரோவுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது, ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அன்று இரவு பழையபடி அழுகை. பெட்டியை மறுபடி கட்டிலோடு ஒட்டிவைத்தேன், பாயை விரித்தேன், கையை உள்ளே விட்டேன். இதனால் பழக்கம் கெட்டுப்போகும் என்று வீட்டில் ஒரு பேச்சு வந்தது. கெடவில்லை. மூன்றாம் இரவே கை இல்லாமல் தூங்கியது. பயந்த குட்டிக்குப் பக்கத்தில் போய் உட்காருவதில் எனக்கு இப்போது எந்தத் தயக்கமும் இல்லை.

வயது ஏற ஏற அலாரம் மூன்றிலிருந்து இரண்டாகி, இரண்டு ஒன்றாகியது. பிப்ரவரி முதல் வாரம், குட்டிக்கு மூன்று மாதம் நெருங்கும்போது, ஒரு நாள் இரண்டரை மணி அலாரத்துக்கு எழுந்து பார்த்தேன். வெளியே ரயில் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மிளகின் ஒரு காது மட்டும் அசைந்தது. தூக்காமல் திரும்பி வந்து படுத்துவிட்டேன். ஐந்தேகாலுக்கு அதுவே வந்து கட்டில் சட்டத்தைப் பிராண்டி எழுப்பியது. பெட்டியில் ஈரமே இல்லை.

அந்த வாரமே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டாயிற்று. பெட்டி இப்போது ஹாலில். பாதிச் சாக்கு அதன் உடம்புக்குப் போதவில்லை, புதிதாக ஒரு மெத்தை தைத்துப் போட்டிருக்கிறோம். மெத்தையில் உடம்பைப் போட்டுக்கொண்டு தலையைச் சாக்கின் மேல் வைத்துத்தான் தூங்குகிறது.