ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்டுகளைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் முன் அட்டவணையை எழுதுங்கள்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டி வட்டாரத்தில் ஐடி சப்போர்ட் பணியில் இருக்கும் தமிழ் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: ஃபிரெஷ்சர்வீஸ் போன்ற ஹெல்ப்டெஸ்க் மென்பொருளில் பதிவாகும் டிக்கெட்டுகள் (பயனர்களின் புகார்கள், கோரிக்கைகள்), நிரல் எழுதத் தெரியாதவர்களின் முயற்சியாலேயே கிளவுட் தரவுத்தளம் ஒன்றில் தானாகப் போய்ச் சேரும்படி செய்ய முடியுமா? முடியும். ஜாப்பியர், மேக், என்8என், பவர் ஆட்டோமேட் என, திரையில் பெட்டிகளை இழுத்துப் போட்டே மென்பொருள்களை இணைக்கும் கருவிகளில் எதைக் கொண்டும் ஒரே பிற்பகலில் இணைப்பை ஓடவிட்டுவிடலாம். ஆனால் அப்படி ஓடும் இணைப்பு சேர்த்து வைக்கும் கணக்கை மாத இறுதியில் நம்ப முடியுமா என்பது, பெட்டிகளை இழுத்துப் போடுவதற்கு முன்பே நாம் தரவுத்தள அட்டவணையின் பத்திகளையும் விதிகளையும் எப்படி எழுதினோம் என்பதைப் பொறுத்தது. எனவே அட்டவணையிலிருந்து தொடங்க வேண்டும் என்று யார் கேட்டாலும் வற்புறுத்திச் சொல்கிறேன்.

சப்போர்ட் மென்பொருளிலேயே அறிக்கைகள் கிடைக்கும்போது தனித் தரவுத்தளம் எதற்கு என்று சிலர் நினைக்கக்கூடும். எத்தனை டிக்கெட் வந்தது, எத்தனை முடிந்தது என்பதற்கு அந்த அறிக்கைகளே போதும். எந்த மாடல் லேப்டாப்பில் பேட்டரிப் புகார் அதிகம், அவை எந்த ஆண்டு வாங்கியவை, வாரண்டி இன்னும் இருக்கிறதா என்று மேலாளர் கேட்டால், டிக்கெட்டுகளையும் கொள்முதல் பட்டியலையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாக வேண்டும். நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில் இதற்காகத் தினமும் காலையில் சிஎஸ்வி கோப்பை இறக்கி எக்செலில் திறப்பார்கள். திறந்தவுடன் 004512 என்ற அசெட் எண் (ஒவ்வொரு கருவிக்கும் நிறுவனம் தரும் அடையாள எண்) 4512 ஆகிவிடும். கொள்முதல் பட்டியலில் முன்னால் உள்ள சுழியங்கள் அப்படியே இருப்பதால் இரண்டும் பொருந்தாது. அவற்றைக் கையால் பொருத்துவதிலேயே ஒருவருடைய காலைப்பொழுது கழிந்துவிடும். ஆகவே அசெட் எண்ணுக்கான பத்தியை எண் வகையாக அல்லாமல் எழுத்து வகையாக வைப்பதுதான் எந்த அட்டவணையிலும் நான் எடுக்கும் முதல் முடிவு.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், 2016 முதல் இயங்கிவரும் அமேசான் கிளவுடின் மும்பை ரீஜனில் (தரவு மையங்கள் உள்ள மண்டலத்தில்), வெளி இணையத்திலிருந்து எட்ட முடியாத தனி நெட்வொர்க்கில் இருக்கிறது. வெளியிலிருந்து இயங்கும் ஆட்டோமேஷன் சேவை ஒன்று அதை நேரடியாக அடைய வேண்டுமானால் 5432 என்ற போர்ட்டை (தரவுத்தளத்துக்குள் நுழையும் வாசலை) ஏதாவது ஒரு விதத்தில் திறந்துவிட வேண்டியிருக்கும். அது வேண்டாம் என்பதால், நம் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளக்கூடிய என்8என்-ஐத் தேர்ந்தெடுத்து அதே நெட்வொர்க்குக்குள் வைத்தோம்.

இனி டிக்கெட்டுக்கு வருவோம். ஒரு டிக்கெட் திறக்கப்படுகிறது, ஒருவரிடம் ஒப்படைக்கப்படுகிறது, பயனரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது, தீர்க்கப்படுகிறது, சில சமயம் மறுபடியும் திறக்கப்பட்டுப் பிறகுதான் மூடப்படுகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் வெப்ஹுக் (மாற்றம் நடந்ததும் மென்பொருள் தானாக அனுப்பும் செய்தி) ஒன்று புறப்படும்படி அமைத்து, மறுமுனையில் இருக்கும் பெட்டியில் 'சேர்' என்று மட்டும் தேர்ந்தெடுத்தால், ஒரே டிக்கெட் ஐந்தாறு வரிகளாகப் பெருகி, மாத எண்ணிக்கை பொய்யாகிவிடும். டிக்கெட் எண்ணை முதன்மைத் திறவுகோலாக (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பத்தியாக) வைத்து, 'இல்லையென்றால் சேர், இருந்தால் திருத்து' என்ற செயலைத் தேர்ந்தெடுப்பதே சரி. போஸ்ட்கிரெஸில் இந்த வசதி 2016-இல் வெளிவந்த 9.5 பதிப்பிலிருந்து இருக்கிறது. அந்தப் பத்தி தனித்துவமானது என்று அட்டவணையில் அறிவித்திருந்தால்தான் அது வேலை செய்யும். அறிவிக்காவிட்டால் தரவுத்தளம் மறுத்துவிடும். முறையாக அறிவித்துவிட்டால், நெட்வொர்க் கோளாறால் ஒரே வெப்ஹுக் இரண்டு முறை வந்தாலும் அதே வரிதான் மீண்டும் எழுதப்படும். டிக்கெட் எத்தனை மணி நேரம் காத்திருப்பில் கிடந்தது என்பது போன்ற வரலாறு தேவைப்படுபவர்கள், நிலை மாற்றங்களுக்கென்று இரண்டாவது அட்டவணை ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

வெப்ஹுக்குகள் புறப்பட்ட வரிசையிலேயே வந்து சேரும் என்று யாரும் உறுதி தருவதில்லை. 'மூடப்பட்டது' என்ற செய்தி முதலிலும் 'ஒப்படைக்கப்பட்டது' என்ற செய்தி அதன் பின்னும் வந்தால், முடிந்துபோன டிக்கெட் தரவுத்தளத்தில் திறந்தே கிடக்கும். இதனால் வெப்ஹுக்கை வாசலில் அடிக்கும் மணியாக மட்டுமே பயன்படுத்துகிறேன்: அது டிக்கெட் எண்ணை மட்டும் கொண்டுவரும், அதை வாங்கிக்கொண்ட அடுத்த பெட்டி ஏபிஐ (ஒரு மென்பொருளிடம் இன்னொரு மென்பொருள் தரவு கேட்டு வாங்கும் வழி) மூலம் போய் அந்த டிக்கெட்டின் அப்போதைய முழு விவரத்தை எடுத்து வரும். இரண்டு மணிகள் ஒரே நேரத்தில் அடித்தால் என்ன ஆகும் என்பதற்காக, கடைசியாகத் திருத்தப்பட்ட நேரம் ஏற்கெனவே உள்ளதைவிடப் புதியதாக இருந்தால் மட்டுமே எழுது என்ற நிபந்தனையையும் சேர்த்திருக்கிறேன். அதற்குத் தரவுத்தள மொழியான எஸ்க்யூஎல்-இல் ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரியைக் கற்றுக்கொள்ள யாரும் தயங்க வேண்டியதில்லை.

ஏபிஐ தரும் விவரத்தில் நிலை என்பது 2, 3, 4, 5 என்று எண்ணாகத்தான் வரும். 2 என்றால் திறந்தது, 3 காத்திருப்பு, 4 தீர்ந்தது, 5 மூடியது. இந்த எண்களுக்குப் பொருள் சொல்லும் சிறிய அட்டவணை ஒன்றைப் பக்கத்தில் வைத்துவிட்டால், அறிக்கை எழுதுபவர் நம்மைத் தேடி வர வேண்டியதில்லை.

எல்லாவற்றிலும் அதிகக் கவனம் கேட்பது நேரம். ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி வேலைக்கு வரும் இளைய தோழர் ஒருவர், ஒரு மாதத்தின் முதல் நாள் காலையில் அறிக்கையைப் பார்த்துவிட்டு, "அண்ணா, ராத்திரி ரெண்டு மணிக்கு நான் எடுத்த டிக்கெட் எல்லாம் போன மாசக் கணக்குல நிக்குதே?" என்று கேட்டார். அவர் கண்டது சரிதான். ஏபிஐ தரும் நேரம் உலகப் பொது நேரமான யூடிசி. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ஜூலை 1 அதிகாலை 2:10-க்குப் பெங்களூரில் பதிவாகும் டிக்கெட், யூடிசி கணக்கில் ஜூன் 30 இரவு 8:40-க்குப் பதிவானதாகும். பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்தில் இது யார் கண்ணிலும் படாமல் போகலாம். அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக இரவுப் பணி செய்யும் இந்த ஊர் அலுவலகங்களிலோ நள்ளிரவுக்குப் பிந்தைய நேரத்தில்தான் டிக்கெட்டுகள் குவிகின்றன. இரவு முழுவதும் கண்விழித்து ஒருவர் செய்த வேலை வேறொரு நாளின் கணக்கில் போய்ச் சேர்வது, ஷிப்ட் வாரியாக ஆட்களை ஒதுக்கும்போது உண்மையான அநியாயத்தில் முடிகிறது. இதற்குத் தீர்வு எளிது. பத்தியை நேர மண்டலத்துடன் கூடிய வகையாக வைக்க வேண்டும். மண்டலமில்லாத வகையை வைத்தால், நேரத்தோடு வரும் மண்டலக் குறியைப் போஸ்ட்கிரெஸ் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாமல் விட்டுவிடும். சேமிப்பு யூடிசியிலேயே இருக்கட்டும். அறிக்கைக்கான வியூவில் (சேமித்த தரவை மாற்றாமல் வேறு வடிவில் காட்டும் பார்வையில்) மட்டும் ஆசியா/கொல்கத்தா எனப்படும் இந்திய நேரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சொந்த சர்வரில் நிறுவும் என்8என்-இன் இயல்பான நேர மண்டலம் நியூயார்க் என்பதையும் நினைவில் வையுங்கள். அதை மாற்றாமல் காலை எட்டு மணிக்கு என்று அமைத்த வேலை, நமக்கு மாலை ஐந்தரைக்கோ ஆறரைக்கோதான் ஓடும்.

எந்தப் பத்திகள் வேண்டாம் என்பதையும் முதலிலேயே தீர்மானியுங்கள். டிக்கெட்டின் விளக்கப் பகுதியில் பயனர்கள் கடவுச்சொல்லை எழுதுகிறார்கள், ஆதார் அட்டையின் படத்தைக்கூட இணைக்கிறார்கள். அறிக்கைக்கு அவை எதுவும் தேவைப்படுவதில்லை. டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023, போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், நம்மை நம்பி ஒருவர் எழுதியதைத் தேவையில்லாமல் இன்னோர் இடத்தில் நகலெடுத்து வைப்பது முறையல்ல என்றே நினைக்கிறேன். விளக்கப் பகுதியை நான் தரவுத்தளத்தில் எழுதுவதில்லை. பயனரின் பெயருக்குப் பதில் துறையின் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு செய்தபின்னும் சர்வர் நின்றுபோன நேரத்தில் அடித்த மணிகள் தவறிப்போகலாம். அதனால் ஒவ்வொரு நாளும் அதிகாலையில் தனி வேலை ஒன்று, கடந்த இரண்டு நாட்களில் திருத்தப்பட்ட டிக்கெட்டுகள் அனைத்தையும் மீண்டும் எடுத்து அதே அட்டவணையில் எழுதுகிறது. பக்கத்துக்கு அதிகபட்சம் 100 டிக்கெட்டுகள்தான் வரும் என்பதால் அடுத்தடுத்த பக்கங்களையும் கேட்டு வாங்க வேண்டும். வேகம் மிகுந்து, 'கோரிக்கைகள் அதிகம்' என்று பொருள்படும் 429 என்ற பதில் வந்தால், அதனுடன் வரும் காத்திருப்பு நேரம் கழியும் வரை நிறுத்திவைத்துவிட்டுத் தொடர வேண்டும்.

கடைசியாக, ஏபிஐ சாவி (ஏபிஐ-யைப் பயன்படுத்த உதவும் ரகசியக் குறி) யாருடைய கணக்கில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். ஃபிரெஷ்சர்வீஸில் அது தனி ஏஜென்ட் (சப்போர்ட் ஊழியர்) ஒருவரின் கணக்கோடு பிணைந்தது. அவர் வேலை மாறிச் சென்று கணக்கு முடக்கப்பட்டால், இணைப்பும் அன்றே நின்றுவிடும். ஆட்கள் அடிக்கடி வேலை மாறும் இந்த ஊரில், இணைப்புக்கென்றே தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதன் சாவியை எங்கே வைத்திருக்கிறோம் என்பதைக் குழுவில் இருவருக்காவது தெரியப்படுத்திய பிறகே முதல் வெப்ஹுக்கை இயக்க வேண்டும்.