எங்கள் கதையில் அம்ரிஷ் புரி இல்லை

ஜூலை 19, சனி

லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. ஏதோ பாகம் வர வேண்டுமாம். அம்மாவைத் தூக்கிக்கொண்டு நாலு மாடி யார் இறங்குவது என்று கேட்டால், "இப்போதைக்கு அவங்க எங்கே போகப் போறாங்க?" என்கிறார் சொசைட்டி செயலாளர். அதுவும் சரிதான்.

எதிர்வீட்டுப் பெண் நேற்று வெளியான 'சையாரா' இந்திப் படத்தை இன்றே பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் எங்கள் வாசலில் நின்று அழுதாள். "இப்படி ஒரு லவ் இப்பல்லாம் யாருக்குக் கிடைக்குது தீதி?" பத்தொன்பது வயது அவளுக்கு. அம்மா உள்ளேயிருந்து, "ஏட்டி, யாரு செத்துப்போனா?" என்று குரல் கொடுத்தாள்.

வி. கடைசியாக ஆன்லைனில் இருந்தது இரவு பதினொன்றே முக்காலுக்கு. நான் அனுப்பியதற்கு நீல டிக் விழுந்துவிட்டது, பதில் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

நீலம்.

ஜூலை 22, செவ்வாய்

வலியில் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை. லேப்டாப்பைக் கட்டிலில் வைத்து 'சோட்டி சி பாத்' போட்டேன். பாசு சட்டர்ஜி படம், 1976. கல்யாணமாகி பம்பாய்க்கு வந்த புதிதில் அப்பாவோடு பார்த்தாளாம். அப்போது அவளுக்குத் தெரிந்த இந்தி காய்கறிக் கடைக்குப் போதுமானது, அவ்வளவுதான். பஸ் ஸ்டாப், ஆபீஸ், ஹோட்டல் என்று நம் தினசரிதான் படம் முழுக்க என்பதால் கதை புரிந்துவிட்டதாம்.

அமோல் பாலேகர் தினமும் வித்யா சின்ஹாவின் பின்னாலேயே நடக்கிறார். வாய் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறார். கடைசியில் பெண்ணிடம் பேசப் பயிற்சி எடுத்துக்கொள்ள கண்டாலாவுக்கு, கர்னல் அசோக் குமாரிடம் போகிறார். எனக்கு இந்தக் கூச்சம் ரொம்பப் பிடிக்கும். இப்போது யாருக்கு இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

"உன் பின்னாடி ஒருத்தன் தினமும் பஸ் ஸ்டாப்ல இருந்து ஆபீஸ் வரைக்கும் வந்தா போலீசுக்குப் போவ. பாட்டோட வந்தா கூச்சமா?" என்றாள் அம்மா.

அதில் ஓர் இடம். சினிமா தியேட்டரில் தர்மேந்திராவும் ஹேமமாலினியும் திரையில் பாடுகிறார்கள், பார்த்துக்கொண்டிருக்கும் பாலேகர் அந்த இடத்தில் தன்னையும் அவளையும் வைத்துக் கற்பனை செய்கிறார். நாம் ஏங்குகிற அந்தப் பழைய காதலே தன்னைவிடப் பெரிய காதலைத் திரையில் பார்த்து ஏங்கியிருக்கிறது. இதைச் சொல்லலாம் என்று திரும்பினால் அம்மா தூங்கிவிட்டாள்.

ஜூலை 24, வியாழன்

அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் மௌஷி வரவில்லை. நாள் முழுவதும் பெட்பேன், கஞ்சி, பெட்பேன்.

ஜூலை 26, சனி

'வீர்-ஸாரா'. அம்மாவுக்கு ஒரே கேள்விதான். "இருபத்திரண்டு வருஷம் ஜெயில்ல இருந்தான், சரி. ஒரு கடுதாசி போட மாட்டானா?" போட மாட்டான் அம்மா. காதலி ஸாராவுக்குக் கெட்ட பேர் வந்துவிடக் கூடாது என்று வேறு பெயரை ஏற்றுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "பெரிய தியாகி" என்றாள். முகத்தில் துளி இளக்கம் இல்லை. ஆனால் கோர்ட்டில் அந்தக் கதவு திறந்து ப்ரீத்தி ஜிந்தா வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாட்டுகளைப் பற்றி அவளிடம் சொன்னேன். இசையமைத்த மதன் மோகன் இறந்தது 1975இல். படம் வந்தது 2004இல். அவர் போட்டுப் பயன்படாமல் கிடந்த மெட்டுகளை மகன் எடுத்துக்கொடுக்க, எழுபத்தைந்து வயது லதா மங்கேஷ்கர் ப்ரீத்தி ஜிந்தாவுக்குப் பாடினார். கதையில் வீர் காத்திருந்ததைவிட அந்த மெட்டுகள் காத்திருந்த காலம் அதிகம்.

நான் எத்தனை நாளில் சலித்துப்போகிறேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணக்கூடாது.

ஜூலை 29, செவ்வாய்

இன்று முழுக்க 'லவ் ஆஜ் கல்' மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இம்தியாஸ் அலியின் 2009 படம். அதே பெயரில் அவரே 2020இல் எடுத்ததும் உண்டு, முதலில் முதலாவது. சைஃப் அலி கானும் தீபிகாவும் லண்டனில் பிரிகிறார்கள், பிரிவதற்குப் பார்ட்டி வைத்துப் பிரிகிறார்கள். ரிஷி கபூர் இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, 1965இல் தான் ஹர்லீனைக் காதலித்த கதையைச் சொல்கிறார். தில்லியிலிருந்து கல்கத்தா வரை ரயிலேறிப் போய், அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார். முதல் தடவை பார்த்தபோது கண் கலங்கியது எனக்கு.

இந்தத் தடவை ஹர்லீனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாய் திறப்பதே அபூர்வம். தலைகுனிந்து நிற்கிறாள், மாடியிலிருந்து பார்க்கிறாள், நடுங்குகிறாள். அந்தப் பஞ்சாபிப் பெண்ணாக நடித்தவர் ஜிசெல்லி மோன்டேரோ, பிரேசில்காரர். இந்தி தெரியாதவரை வைத்து எடுக்க முடிந்திருக்கிறது, ஏனென்றால் அந்தப் பாத்திரத்துக்குப் பேச்சே வேண்டியிருக்கவில்லை. தீபிகாவோ படம் முழுக்கப் பேசுகிறார், குழம்புகிறார், கல்யாணம் பண்ணிக்கொண்ட மறுநாளே தப்பு என்று சொல்லிவிட்டுப் போகிறார். பழைய காதல் சுத்தமாகத் தெரிவதற்கு ஒரு காரணம், அதில் ஒரு ஆள்தான் பேசினார்.

2020 படத்தில் இன்னொரு வேடிக்கை. அதில் பழங்காலம் என்பது 1990, உதய்பூர். பதினோரு வருஷத்தில் பழங்காலமே இருபத்தைந்து வருஷம் நகர்ந்துவிட்டது. எனக்கு அப்போது மூன்று வயது. நான் பிறந்த பிறகு நடந்ததெல்லாம் 'அந்தக் காலத்து லவ்' ஆகிவிட்டது! அதிலும் கதை சொல்லும் ரந்தீப் ஹூடா கடைசியில் தான் அவளுக்குத் துரோகம் செய்ததை ஒத்துக்கொள்கிறார். அந்தப் படத்தில் நேர்மையான இடம் அது ஒன்றுதான். படம் ஓடவில்லை.

வி.யையும் என்னையும் யார் தடுத்தார்கள்? யாரும் இல்லை. இரண்டு பேரும் சம்பாதிக்கிறோம். அவன் வீட்டில் சாதி கேட்கவில்லை. அம்மா ஒரு தடவை அவனுக்கு அவியல் கொடுத்தனுப்பினாள், டப்பாவைக் கழுவித் திருப்பி அனுப்பினான். எங்களுக்கு நடுவில் இந்திப் பட அப்பாவாக வந்து கையைப் பிடித்து நிறுத்த ஒரு அம்ரிஷ் புரி இல்லை, எல்லைக்கோடு இல்லை, ஜெயில் இல்லை. இருந்தும் பதில் வரவில்லை என்றால் நான் யார் மேல் கோபப்படுவது? பழைய படங்களில் காதல் அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சுவர்தான் அதிகம். சுவர் இருந்தால், அந்தப் பக்கம் ஒருவன் நின்றுகொண்டிருக்கிறான் என்று நம்பலாம்.

ஜூலை 30, புதன்

நேற்று எழுதியதைப் படித்தேன். மாத்திரை எனக்குத்தான் தேவை.

ஆகஸ்ட் 2, சனி

திருநெல்வேலியிலிருந்து சித்தி மகன் மெசேஜ்: "தனுஷ் எழுந்து உட்கார்ந்துட்டார்க்கா." புரியவில்லை. அப்புறம் பார்த்தால், 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவமான 'அம்பிகாபதி'யை நேற்று மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். ஏஐ வைத்து முடிவை மாற்றி. 2013இல் ஆஸ்பத்திரியில் செத்துப்போன குந்தன் இப்போது பிழைத்துக்கொள்கிறான். இயக்குநர் ஆனந்த் எல். ராய் தன்னைக் கேட்கவே இல்லை என்று கொதிக்கிறார்.

எனக்கு அந்தப் படமே ஆகாது. பனாரஸ் சந்துகளில் ஒரு பெண்ணைத் துரத்தித் துரத்தி, மணிக்கட்டை அறுத்துக்கொண்டு, அவள் வாழ்க்கையையும் குலைத்துவிட்டு, அதற்குக் காதல் என்று பெயர். ஆனாலும் அவன் செத்தது அந்தக் கதையில் அவனுக்குக் கிடைத்த ஒரே நியாயம். அவனே வாழ விருப்பமில்லாமல்தான் கண்ணை மூடுகிறான். அவனை எழுப்பி உட்காரவைத்து என்ன சாதித்தார்கள்? இனி அவன் மறுபடி துரத்துவான்.

அம்மாவிடம் சொன்னதும், "அப்ப எம்ஜிஆர் படத்தையும் மாத்துவானுவளா?" என்று பதறினாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

'முகல்-ஏ-ஆஸம்' வெளியாகி இன்றோடு 65 வருஷம். 1960, ஆகஸ்ட் 5, மராத்தா மந்திர் தியேட்டர். அதைச் சாக்கு வைத்து மூன்று மணி நேரத்துக்கும் மேல் உட்கார்ந்தோம். நடுவில் பிசியோதெரபி பெண் வந்து, அவளும் அரை மணி நேரம் பார்த்துவிட்டுத்தான் போனாள்.

இறகுக் காட்சி. திலீப் குமார் ஓர் இறகால் மதுபாலாவின் முகத்தை வருடுகிறார். பின்னால் படே குலாம் அலி கான் பாடுகிறார். அவர் கேட்ட தொகை பாட்டுக்கு 25,000 ரூபாய் என்பார்கள். அந்தக் காலத்தில் பெரிய பின்னணிப் பாடகர்களே சில நூறு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மதுபாலாவின் கண்ணிமை மட்டும் லேசாக அசைகிறது. மற்றபடி ஒன்றுமே நடக்கவில்லை. இந்தி சினிமாவில் இதைவிட நெருக்கமான காட்சியை நான் பார்த்ததில்லை. அதை எடுக்கும்போது இரண்டு பேருக்கும் இடையே பேச்சுவார்த்தையே இல்லை என்று திலீப் குமார் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

ஆக, முகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் படத்திலும் முடிவை மாற்றித்தான் இருக்கிறார்கள். அனார்கலியை உயிரோடு சுவருக்குள் வைத்து மூடினார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. கே. ஆசிஃப் அவளைச் சுரங்கப்பாதை வழியாக வெளியே அனுப்பிவிடுகிறார். அனுப்புவது அக்பர். சலீமுக்குத் தெரியவே தெரியாது. பிழைத்தாள், ஆனால் அவன் கணக்கில் செத்துவிட்டாள். சனிக்கிழமை நான் அவ்வளவு துள்ளினேனே, இதை ஏன் ஒத்துக்கொள்கிறேன்? இது வலிக்கிறது, அது வலியை எடுத்துவிடுகிறது என்பதாலா? தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

எதிர்வீட்டுப் பெண் விடவில்லை. அம்மாவை மௌஷியிடம் விட்டுவிட்டு 'சையாரா' போனோம். அவளுக்கு எத்தனையாவது தடவையோ.

ரிஜிஸ்தர் ஆபீசில் கைவிடப்பட்ட பெண், டைரி எழுதுகிறவள். கோபக்காரப் பாட்டுக்காரப் பையன். பாதிப் படம் வரை இவர்களை எது பிரிக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்பா தடுக்க மாட்டார், சாதி இல்லை, பணம் பிரச்சினை இல்லை. அப்புறம் வந்தது. அல்சைமர். அந்த இளம் வயதில். தடுக்க ஆள் கிடைக்காததால் மூளையையே வில்லனாக்கிவிட்டார்கள். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அந்தப் பெண் விசும்ப ஆரம்பித்ததும் எனக்கும் தொண்டை அடைத்துவிட்டது. அடுத்த வரிசையில் இரண்டு பையன்கள் சட்டையைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு வேண்டியது ரொம்பச் சின்னது. ஒருத்தன் தேடி வரணும். அவ்வளவுதான். வரும் வழியில் அவளைப் போன் பண்ணிக் கேட்க முடியாதபடி ஏதாவது இருக்கணும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மும்பை சென்ட்ரல் பக்கம் ஒரு டாக்டரிடம் அம்மாவின் ஃபைலைக் காட்ட வேண்டியிருந்தது. மாலை நாலு மணிக்கு வரச் சொல்லிவிட்டார்கள். மணி பதினொன்று. ரோட்டைத் தாண்டினால் மராத்தா மந்திர், பதினொன்றரைக் காட்சி. 1995 அக்டோபரிலிருந்து 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே', கொரோனா காலத்தில் மட்டும் நின்றிருந்தது. இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துகொண்டு போனதில்லை.

மூட்டை முடிச்சோடு ரயிலுக்குக் காத்திருப்பவர்கள், கடைசி வரிசையில் செருப்பைத் தலைக்கு வைத்துத் தூங்கும் ஒருவர், கல்லூரி ஜோடிகள். வசனத்தை நடிகர்களுக்கு முன்னாலேயே சொல்கிறார்கள். நான் காத்திருந்தது ஃபரீதா ஜலாலுக்காக. நகைகளைக் கொண்டுவந்து கொடுத்து, பெண்ணின் காதலன் ராஜிடம், இவளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிடு என்கிறாள் அம்மா. தான் வாழாத வாழ்க்கையைப் பெண்ணாவது வாழட்டும் என்று நிற்கிற அந்த முகம். ராஜ் வேண்டாம் என்கிறான். அப்பா கையால்தான் வாங்கிக்கொள்வானாம். கைதட்டல் பறந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. லண்டனில் வளர்ந்தவன், பீர் திருடுகிறவன், 'ஓடு' என்று சொல்லும் அம்மாவைவிடப் பழமைவாதி. 1973இல் 'பாபி'யில் ரிஷி கபூரும் டிம்பிளும் யாரையும் கேட்காமல் கிளம்பிப் போனார்கள். 1960இல் அனார்கலி அக்பர் முகத்துக்கு நேரே ஆடினாள். இருபதாம் நூற்றாண்டு முடியப்போகும்போதுதான் பையன் கையைக் கட்டிக்கொண்டு அனுமதி கேட்கிறான்! எது புதுசு, எது பழசு?

கடைசியில் அப்பா அம்ரிஷ் புரி மகள் சிம்ரனின் கையைப் பிடித்திருக்கிறார். ரயில் நகர்கிறது. எனக்கும் இதயம் அடித்துக்கொண்டது. எத்தனை ஏமாற்று வேலை என்று தெரிந்தும்.

டாக்டர் ஃபைலைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. புது எக்ஸ்ரே வேண்டுமாம்.

ஆகஸ்ட் 13, புதன்

அம்மா காலையில் கேட்ட முதல் கேள்வி: "அந்த மனுசன் நேத்தாவது கைய விட்டாரா?"

ஆகஸ்ட் 16, சனி

லிஃப்ட் ஓடுகிறது. அம்மா அதைக் கொண்டாட 'ஏக் தூஜே கே லியே' கேட்டாள். 1981. நம்ம பாலசந்தர், நம்ம கமல், அதில் லிஃப்டுக்குள்ளேயே ஒரு பாட்டு, இந்திப் படப் பெயர்களைக் கோத்தே. அம்மாவுக்கு அத்தனை பெயரும் தெரிகிறது.

அதில் பெற்றவர்கள் ஒரு நிபந்தனை போடுகிறார்கள். ஒரு வருஷம் பார்க்கக்கூடாது, பேசக்கூடாது, கடிதம் கூடாது. இன்ஸ்டாகிராமில் எனக்கு வரும் ரீல்ஸ் எல்லாம் இதே உபதேசம்தான் செய்கின்றன: நோ கான்டாக்ட். அன்றைக்குத் தண்டனையாக வந்தது இப்போது வைத்தியமாக வருகிறது. நான் இரண்டாவது வகை, இஷ்டப்பட்டுத் தொடங்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசிக் கால் மணி நேரம் போட விடவில்லை அம்மா. "அது எனக்குத் தெரியும். நிறுத்து."

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நேற்றிலிருந்து கொட்டுகிறது. ரயில் இல்லை. சாயங்காலம் மோனோ ரயில் மைசூர் காலனி பக்கம் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஏணி வைத்து ஆட்களை இறக்கினார்கள்.

வி.யிடமிருந்து மெசேஜ். "செம்பூர்ல தண்ணியாமே, சேஃபா? ஆன்ட்டி எப்படி?" ஊர் மூழ்கும்போது எல்லோரும் எல்லோருக்கும் அனுப்புகிறதுதான். மௌஷியின் தம்பிகூட எனக்கு அனுப்பினான்.

ஒரு தம்ஸ்-அப் போட்டால் முடிந்தது. போடவில்லை. நீளமாக எழுதினேன், தமிழில், கமா போட்டு, பத்தி பிரித்து. ஹர்லீன் பேசாத எல்லாவற்றையும் நான் பேசினேன். உனக்கு வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல், சுவர் மாதிரி நிற்காதே, ஜெயிலில் இருப்பவன் மாதிரி நடிக்காதே என்று. திருப்பிப் படிக்காமல் அனுப்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

எக்ஸ்ரேயில் அம்மாவின் எலும்புக்கு வைத்த கம்பி லேசாக நகர்ந்திருப்பது போலத் தெரிகிறதாம். இன்னொரு டாக்டரையும் கேட்கலாம் என்றிருக்கிறோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. படம் எதுவும் போடவில்லை.